மானூர்த் தண்ணியும் என் முன்பல்லு ஆறும்

கேள்வி: 8 அக்டோபர் 2023, காலை

ஊர் திருநெல்வேலி மானூர் பக்கம். வயசு 28. சின்னதுல இருந்தே முன்பல்லு பூரா பழுப்புத் திட்டு, ரெண்டு பல்லுல குழி குழியா இருக்கு. தை மாசம் ரெண்டாவது வாரம் கல்யாணம். வண்ணார்பேட்டைல ஒரு கிளினிக்ல எட்டுப் பல்லுக்கு வெனீர் போட்டுரலாம், பல்லுக்கு 12,000-ங்காங்க. போட்டவங்க யாராவது இருக்கீங்களா? வலிக்குமா, எத்தனை வருசம் வரும், அத மட்டும் சொல்லுங்க. அறிவுரை வேண்டாம்.

பதில்: 8 அக்டோபர் 2023, ராத்திரி

போட்டிருக்கேன். மேல்வரிசையில ஆறு பல்லு, இந்தக் கோரைப்பல்லுல இருந்து அந்தக் கோரைப்பல்லு வரைக்கும். பீங்கான். 2022 பிப்ரவரியில போட்டது. வலிக்காது, மரத்துப்போக ஊசி போட்டுருவாங்க. அறுபதாயிரம் ஆச்சு. காலத்துக்கும் வரும்.

அறிவுரை வேண்டாம்னு சொன்னதால இத்தோட நிறுத்திக்கிடுதேன் தம்பி.

9 அக்டோபர் 2023, காலை

நிறுத்த முடியல. ராத்திரி படுத்தா தூக்கம் வரல. ஊசியப் பத்தி எழுதினவ, பல்லை ராவுறதப் பத்தி, அதாவது சீவிக் குறைக்கிறதப் பத்தி, ஒரு வார்த்தை எழுதாம விட்டுட்டேன்.

வெனீர்ங்கிறது பல்லோட முன்பக்கத்துல ஒட்டுற மெல்லிசுத் தகடு. பார்லர்ல ஒட்டு நகம் வைக்காங்கல்லா, அது மாதிரின்னு சொல்லித்தான் எனக்கும் சொன்னாங்க. ஒட்டு நகத்துக்கு யாரும் உன் நகத்தைச் சீவி எடுக்கிறதில்ல. இதுக்குப் பெரும்பாலும் எடுக்கணும். முன்பக்கத்துல அரை மில்லிமீட்டர் போல ராவலேன்னா தகடு துருத்திக்கிட்டு நிக்கும். அந்த எனாமல், பல்லோட மேல்பூச்சு, மறுபடி முளைக்காது. பிடிக்கலன்னு கழட்டி வச்சிட்டுப் பழைய பல்லோட வீட்டுக்குப் போக முடியாது. சாகுற வரைக்கும் அந்தப் பல்லு மேல ஏதாவது ஒண்ணு மூடியே இருக்கணும்.

காலத்துக்கும் வரும்னு நேத்து எழுதினேன். தப்பு, அது விக்கிறவங்க பேச்சு, என் வாயில ஒட்டிக்கிட்டு. பீங்கான்னா 10 முதல் 15 வருசம்னு வச்சுக்கிடணும். சிலருக்குக் கூடவும் ஓடும். காம்பொசிட்னு ஒண்ணு இருக்கு, பல்லு அடைக்கிற பசையவே முன்னாடி பூசி வடிவம் பண்ணுறது. அது 5, 7 வருசம். தம்பிக்கு 28. எழுபது வயசுக்குள்ள பீங்கானையே ரெண்டுல இருந்து நாலு தடவை மாத்த வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் பழசை ராவித்தான் எடுக்கணும். கணக்கை நீங்களே போட்டுக்கிடுங்க.

9 அக்டோபர் 2023, மத்தியானம்

கடையில ஆள் இல்ல. அதனால ஒரு கதை.

வெனீர் போடப் போறேன்னு அம்மாட்ட சொன்னேன். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "வெந்நி வைக்கதுக்கு எதுக்குட்டி அறுவதாயிரம்?"னா. வெந்நி இல்லம்மா, வெனீர்னு சத்தமாச் சொன்னேன். "வெந்நீர்னு சொன்னா மட்டும் வெல கொறையுமாக்கும்"னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல அதுக்குப் பேரு அறுவதாயிரம் ரூவா வெந்நி.

11 அக்டோபர் 2023

நீங்க யாரு, டாக்டரான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். இல்ல. டவுன்ல ஒரு ஸ்டூடியோவுல கல்யாண ஆல்பம் வடிவமைக்கிற வேலை, 11 வருசமா. பொண்ணு மாப்பிள்ளை பல்லைக் கம்ப்யூட்டர்ல வெள்ளையாக்குறதும் அந்தச் சம்பளத்துலதான். எங்க ஊர்ப் பக்கத்து ஆல்பம் வந்தா பேரைப் பாக்காமலே கண்டுபிடிச்சிருவேன், மாப்பிள்ளையோட அத்தை, பெரியப்பா, பந்தி பரிமாறுற பையன் வரைக்கும் ஒரே பல்லு. சொந்தக்காரங்கன்னு இல்ல. ஒரே தண்ணி.

அந்தத் தண்ணிக் கதை தெரியாதவங்களுக்காகச் சொல்லுதேன். மானூர் ஒன்றியத்துல சில ஊர்கள்ல நிலத்தடித் தண்ணியில ஃபுளோரைடு கூடுதல், அதை ஆய்வு பண்ணியே எழுதியிருக்காங்க. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருந்தா குடிக்க ஆகாதுங்கிறது கணக்கு. பாறையில இருந்து ஊறி வர்றது, கண்ணுக்குத் தெரியாது, ருசியும் மாறாது. குழந்தைக்கு எட்டு வயசு வரைக்கும் முரசுக்குள்ள, அதாவது ஈறுக்குள்ள, நிலைப்பல்லு உருவாகுற காலம். அந்த நேரத்துல இந்தத் தண்ணி உள்ள போனா எனாமல் ஒழுங்காக் கட்டாது. அது வெளிய வந்த பொறவு பிடிச்ச கறை இல்ல. உள்ள இருக்கும்போதே கறையோட முளைச்ச பல்லு. அதனால வேப்பங்குச்சி, உப்பு, கரி, எதைப் போட்டு விளக்கினாலும் போகாது.

அம்மா பிறந்தது சேரன்மாதேவி, ஆத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்தவ. அறுபத்தெட்டு வயசுல அவ பல்லுல ஒரு பொட்டு கிடையாது. நானும் அப்பாவும் மானூர்ப் பல்லு. என்னைப் பொண்ணு பாக்க வந்த மொத இடத்துல அந்தப் பையனோட அம்மா எங்க ஆச்சிட்ட தணிஞ்ச குரல்ல கேட்டாவ, "புள்ள போயிலை கீயில போடுமோ?" ஆச்சி வாயில அப்ப வெத்தலை. ஆச்சிக்கு வெத்தலைக் கறை. அதை டாக்டர் சுரண்டினா வந்துரும். எனக்கு வராது. இதை அந்த அம்மாட்ட எப்படி விளக்குறது?

இன்னொண்ணு. ஆச்சி தண்ணியக் கொதிக்க வச்சு ஆத்தித்தான் எனக்குத் தருவா. கிருமி செத்துது. ஃபுளோரைடு சாகாது, ஆவியாப் போன தண்ணி போக மிச்சத்துல இன்னும் கொஞ்சம் கெட்டியாத்தான் ஆகும். முழுப் பழியும் அதும் மேல போடக்கூடாது, ஆனா வெந்நி குடிச்ச பல்லுக்கு வெனீர்னு அம்மா சொன்னா மறுக்க முடியாது.

12 அக்டோபர் 2023

அப்ப ஃபுளோரைடு போட்ட பேஸ்டை நிறுத்திரணுமா, என் மகனுக்கு நாலு வயசுன்னு ஒரு தங்கச்சி பதறிப்போய்க் கேட்டிருக்கு. நிறுத்த வேண்டாம்மா. பேஸ்டு துப்புறது, தண்ணி முழுங்குறது. மூணு வயசுக்குக் கீழன்னா அரிசி அளவு, அதுக்கு மேல பட்டாணி அளவு, துப்பப் பழக்கு. உன் வீட்டுத் தண்ணி போரா, ஆத்துத் தண்ணியா, அதை மொதல்ல பாரு. போர்னா சோதனைக்குக் குடு. ஆர்.ஓ. ஃபுளோரைடை எடுக்கும். கொதிக்க வைக்கிறது எடுக்காது.

22 அக்டோபர் 2023

"உள்ள என்னதான் பண்ணுவாங்க, விளக்கமா எழுதுங்கக்கா"ன்னு தம்பியே கேட்டிருக்கார். அறிவுரை வேண்டாம்னவர். சரி.

மொத நாள் போட்டோ, எக்ஸ்ரே, அச்சு எடுக்கிறது. இப்ப சில இடத்துல கேமரா மாதிரி ஒண்ண வாய்க்குள்ள ஓட்டியே அளவெடுக்காங்க. எனக்கு ரப்பர் மாதிரி பசைதான், அதுல வாந்தி வராம இருந்தது நான் செஞ்ச புண்ணியம். அந்த அச்சுல மெழுகு வச்சு, புதுப்பல்லு எப்படி இருக்கும்னு மாதிரி செய்வாங்க. அதை டாக்டர் என் பல்லு மேலயே ஒரு மணி நேரத்துக்கு ஒட்டிக் காட்டினார். ராவாமலே. இந்த ஒத்திகை காட்டாத இடத்துல தலையக் குடுக்காதீங்க. எனக்கு "ச" வரல. "சங்கரன்கோவில்"னு சொல்லச் சொன்னார், காத்துதான் வந்துச்சு. நுனியக் கொஞ்சம் குறைச்சதும் சங்கரன்கோவில் வந்துட்டு.

ரெண்டாவது தடவை போனப்ப நிறம். வீட்டா-ன்னு ஜெர்மனிக் கம்பெனி அட்டை, 16 நிறம், பல்லு பல்லா மாட்டியிருக்கும், சேலைக் கடையில மாதிரித் துணி காட்டுற கணக்கா. அதுக்கு மேல ப்ளீச் நிறம்னு சுண்ணாம்பு வெள்ளை தனி. அங்கனதான் என் தொழில் கை குடுத்துச்சு. நர்ஸ் பிள்ளை வெள்ளையிலயே வெள்ளையக் காட்டுது. நான் கண்ணாடியில என் கண்ணு வெள்ளையப் பாத்தேன். பல்லு கண்ணு வெள்ளையைத் தாண்டிப் போச்சுன்னா முகத்துல பல்லு மட்டும்தான் நிக்கும். ஆல்பத்துல பொண்ணுங்க இன்னும் வெள்ளை இன்னும் வெள்ளைன்னு கேப்பாங்க, நான் ஒரு அளவுல நிறுத்திட்டு முடிஞ்சிட்டுன்னு பொய் சொல்லுவேன். எனக்கு நானே அந்தப் பொய்யச் சொல்லிக்கிட்டு அந்த அட்டையில ஏ2-ங்கிற நிறத்தை எடுத்தேன். நிறத்தை ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க, ட்யூப்லைட்ல பாக்காதீங்க. லிப்ஸ்டிக்கைத் துடைச்சிட்டுப் பாருங்க.

அதே நாள்ல ராவல். ஆறு பல்லுக்கு ரெண்டரை மணி நேரம். வலி இல்ல, வாசம் உண்டு. கருகின வாசம். நம்ம எலும்பு கருகுற மாதிரி ஒரு நெனைப்பு வரும், வந்தா கண்ணை மூடிக்கிடுங்க. முடிஞ்சதும் கண்ணாடி கேட்டேன், குடுக்கல. தற்காலிகப் பல்லு ஒட்டின பொறவுதான் குடுத்தார். அந்தத் தற்காலிகம் ரெண்டு வாரம். பிளாஸ்டிக் சாதிதான், மஞ்சள் பிடிக்கும். நான் நாலாம் நாள் மீன்கொழம்பு தின்னுட்டேன். மிச்சம் பத்து நாள் மஞ்சக் கிழங்கு மாதிரிப் பல்லோட ஸ்டூடியோவுல உக்காந்திருந்தேன். பழுப்புக்கு இது மேலான்னு ஓனர் கேட்டார்.

மூணாவது தடவை போனப்ப ஒட்டுறது. இதைப் படிச்சு வச்சுக்கிட்டுத்தான் போனேன். பல்லை அமிலத்தால லேசா அரிக்க விட்டா பசை பிடிக்கும்னு 1955-ல பூனோகோர்ங்கிற அமெரிக்கப் பல் டாக்டர் எழுதினார். அதுக்கு முன்னாடி ஒட்டுறதுக்கு வழியே இல்ல. 1928 வாக்குல பின்கஸ்னு ஒரு டாக்டர் ஹாலிவுட் நடிகருங்களுக்குப் பல்லு மேல தகடு வச்சு விடுவாராம், பல்செட் ஒட்டுற பொடியால. ஷூட்டிங் முடிஞ்சா கழட்டிருவாங்க. கேமராவுக்கு மட்டும் வெள்ளைப் பல்லு. அந்த மனுசனும் நானும் ஒரே தொழில்.

இப்ப கேளுங்க. பீங்கான் தகட்டோட உள்பக்கம் வழவழன்னு இருந்தா ஒட்டாது. அதைச் சொரசொரப்பாக்க எதைத் தடவுதாங்க தெரியுமா? ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். 1980-கள் ஆரம்பத்துல கண்டுபிடிச்ச வழி. அதே ஃபுளோரின்! எங்க ஊர்ப் போர்த் தண்ணியில இருந்து என் பல்லைக் கெடுத்தது, லேப்ல இருந்து அதை மூட வருது. நான் சிரிச்சிட்டேன், டாக்டருக்கு ஏன்னு விளங்கல. இன்னொண்ணும் சொன்னார், ஃபுளோரைடு பாதிச்ச எனாமலோட மேல்தோல் அமிலத்துக்குச் சீக்கிரம் மசியாது, உங்க பல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைக்கணும்னு. பிடிவாதக்காரப் பல்லு. இதை உங்க கிளினிக்ல கேளுங்க தம்பி. இதுக்குப் பதில் தெரியாதவங்கன்னா, நம்ம ஊர்ப் பல்லைப் பாத்துப் பழகாதவங்கன்னு அர்த்தம்.

29 அக்டோபர் 2023

ரசீதைத் தேடி எடுத்தேன். அறுபதாயிரம் இல்ல, 66,000. பல்லுக்கு 11,000. அதுபோக ராத்திரி மாட்டிக்கிட்டுப் படுக்கிற கவசம் 4,000. ஆக 70,000. அம்மா இந்தப் பக்கம் வர மாட்டா, தைரியமா எழுதுதேன்.

அந்தக் கவசக் கதை அசிங்கம். ராத்திரி பல்லைக் கடிப்பீங்களான்னு மொத நாளே டாக்டர் கேட்டார். இல்லன்னு சொல்லிட்டேன். கடிக்கிறவங்களுக்கு வெனீர் வேண்டாம்னு சொல்லிருவாரோன்னு பயம். ஒட்டி ரெண்டு மாசத்துல எங்க வீட்டு ஆளு, ராத்திரி பூரா நறநறன்னு அரிசி அரைக்கன்னார். திரும்பப் போய் ஒத்துக்கிட்டேன். திட்டல. "எல்லாரும் இதத்தான் மறைக்காங்க"ன்னுட்டு அளவெடுத்தார்.

12 நவம்பர் 2023, தீபாவளி

முறுக்கு: பக்கப்பல்லுல. அதிரசம்: தாராளமா. மதினி அனுப்பின முந்திரிக்கொத்து: சுத்தியலால உடைச்சிட்டு.

19 நவம்பர் 2023

இதை எழுதலாமா வேண்டாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன்.

என் கீழ்ப்பல்லு அப்படியேதான் இருக்கு, பழுப்பா. சிரிக்கும்போது மேல்பல்லுதானே தெரியுது, கீழ எதுக்குக் காசுன்னு நான்தான் வேண்டாம்னேன். போட்டோவுல அது சரி. 11 வருசம் போட்டோவே பாத்தவளுக்குப் போட்டோப் புத்திதானே வரும். போன மாசம் எங்க ஸ்டூடியோவுல ஒரு வீடியோவுக்கு நான் பேச வேண்டியதாப் போச்சு, ஆல்பம் வகையெல்லாம் காட்டி. அதை வெட்டி ஒட்டும்போது பாத்தேன். பேசும்போது பூரா கீழ்வரிசைதான் தெரியுது. வயசாக ஆக மேலுதடு இறங்கி, கீழ்ப்பல்லுதான் இன்னும் தெரியுமாம். மேல ஏ2, கீழ மானூர். யாரும் இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல. ஆனா நான் பாத்துட்டேன்லா.

வெனீர் நிறத்தை மேல மாத்த முடியாது, ப்ளீச் பீங்கான்ல ஏறாது. அதனால கீழ்வரிசையை ப்ளீச் பண்ணணும்னா அதை மொதல்ல பண்ணி, நிறம் நின்ன பொறவு மேலுக்கு நிறம் எடுக்கணும். நான் தலைகீழாப் பண்ணிட்டேன்.

3 டிசம்பர் 2023

டிசம்பர் 18, திங்கக்கிழமை காலை பத்தரைக்கு ராவ நாள் குறிச்சாச்சு, முன்பணம் 20,000 கட்டியாச்சுன்னு தம்பி எழுதியிருக்கார். நல்லா இருக்கட்டும்.

ஆனா நேத்து நான் கவசத்தைக் காட்டப் போனப்ப ஒண்ணு நடந்துச்சு. அதைச் சொல்லாம விட்டா நான் மனுசியில்ல.

எனக்கு முன்னாடி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை உக்காந்திருந்துச்சு, மானூர்ப் பல்லு. டாக்டர் அந்தப் பிள்ளையோட முந்தின போட்டோவையும் இப்போதைய பல்லையும் அவங்க அம்மாட்ட காட்டிக்கிட்டிருந்தார். பழுப்புல முக்கால்வாசி இல்ல. வெனீர் கிடையாது, ராவல் கிடையாது. உள்ள போனதும் கேட்டேன். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் நுரைக்கல் தூளையும் குழைச்சுப் பல்லு மேல வச்சுத் தேய்ச்சு எடுக்கிறதாம், மைக்ரோ அப்ரேசன்னு பேரு. முரசுல படாம ரப்பர் ஷீட்டு மாட்டிப் பண்ணணும். வீட்டுல யாரும் கழிப்பறை ஆசிட்டை எடுத்துத் தேய்ச்சிராதீங்க, கேட்டேளா, சத்தியமாச் சொல்லுதேன், பல்லும் முரசும் வெந்து போகும். இதுலயும் எனாமல் போகுது, ஆனா ஒரு மில்லிமீட்டரைப் பத்தாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு, ரெண்டு பங்கு. பொறவு வீட்டுல ராத்திரி மாட்டுற ட்ரேயில ப்ளீச் ஜெல். குழி இருந்தா குழியை மட்டும் காம்பொசிட்ல அடைக்கிறது.

"அப்ப எனக்கு ஏன் இதைச் சொல்லல?"

"நீங்க வெனீர் வேணும்னுதானே வந்தீங்க."

கோவம் வந்துச்சு. பஸ்ல வரும்போது யோசிச்சா, அவரு சொன்னதும் பொய் இல்ல. கையில போட்டோவோட போனவ நான். இந்த மாதிரி ஆறு வேணும்னு அல்வாக் கடையில கேக்கிற மாதிரிக் கேட்டேன். என் பல்லுல கறை ஆழம், தேய்ச்சாப் பாதிதான் போயிருக்கும்னும் சொன்னார். பாதி போயிருந்தா எனக்குப் போதுமா இருந்திருக்குமா? இப்ப எப்படித் தெரியும், அந்தப் பழைய பல்லே இல்லையே, ராவியாச்சே.

அக்டோபர் 11-ல "எதைப் போட்டு விளக்கினாலும் போகாது"ன்னு எழுதினேன்லா. வீட்டுல விளக்கினாப் போகாதுங்கிறது சரி. போகவே போகாதுன்னு படிச்சவங்க நெனைச்சிருந்தா, தப்பு என் மேல.

தம்பி, இந்தப் பதினஞ்சு நாள்ல இன்னொரு டாக்டர்ட்ட காட்டுங்க. தேய்ச்சுப் பாத்துட்டுப் பிடிக்கலன்னா பொறவு ராவிக்கிடலாம். ராவின பொறவு தேய்க்க முடியாது. அறிவுரைதான், தெரியும்.

4 டிசம்பர் 2023

"முன்பணம் திரும்பக் குடுக்க மாட்டாங்கக்கா"ன்னு ஒரே வரி பதில். சரி.

23 டிசம்பர் 2023

கரெண்டு இன்னைக்குத்தான் வந்துச்சு. எல்லாரும் எங்கன இருக்கீங்க, சொல்லுங்க.

17, 18 ரெண்டு நாளும் பெஞ்ச மழை தெரியும். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு குளம். வண்ணார்பேட்டையில கட்டடங்கள் கீழ்த்தளம் பூரா தண்ணி, கலெக்டர் ஆபீசுக்குள்ளயே வெள்ளம். ஸ்டூடியோ டவுன்ல மாடியில இருந்ததால ஹார்டு டிஸ்க்கெல்லாம் தப்பிச்சிட்டு. சுத்தியும் தாமிரபரணி, குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. அக்கம்பக்கத்துல அடிபோர்ல அடிச்சுக் குடிச்சோம். பல்லு முளைச்சு முடிஞ்சவங்களுக்கு நாலு நாள் போர்த் தண்ணியால பல்லுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அம்மாட்ட சொன்னேன். "ஒன் பல்லு கெடக்கட்டும், வெந்நி வைக்கதுக்குத் தண்ணி இருக்கா?"ன்னா.

தம்பி, உங்க நாள் 18-ந் தேதி. நீங்க கெளம்பியே இருக்க மாட்டீங்க. வீடு எப்படி இருக்கு?

19 ஜனவரி 2024

தம்பி எழுதினதை அப்படியே போடுதேன், பாதிப் பேர் கண்ணுல படாம போயிருக்கும்:

"வீடு பரவாயில்லக்கா, தொழுவம்தான் போச்சு. கிளினிக்ல தண்ணி ஏறி சேரு மிசினெல்லாம் போயிட்டு. பிப்ரவரிக்குத்தான் தொறப்போம்னு அவங்களே முன்பணத்தைத் திருப்பிட்டாங்க. கல்யாணம் தையில. வேற வழியில்லாம நீங்க சொன்ன மாதிரி பாளையங்கோட்டையில ஒருத்தர்ட்ட போனேன். ரெண்டு தடவை தேய்ச்சார், ப்ளீச் ட்ரே குடுத்தார், குழி ரெண்டையும் அடைச்சார். 14,000. மொத நாலு நாள் வெள்ளைத் திட்டு இன்னும் வெள்ளையாத் தெரிஞ்சு பயந்துட்டேன், பொறவு சமமாயிட்டு. பளிச்சுன்னு இல்ல. ஆனா பழுப்பு இல்ல. கூச்சம் இருக்கு, பதனி குடிக்க முடியல."

கூச்சம் கொஞ்ச நாள்ல குறையும். கூச்சத்துக்குன்னு தனிப் பேஸ்டு இருக்கு, அதைப் போடுங்க. கல்யாணத்தன்னைக்கு ஐஸ்கிரீமைத் தள்ளி வைங்க.

11 பிப்ரவரி 2024

ஆல்பம் எங்க ஸ்டூடியோவுக்கே வந்துட்டு. பேரு சொல்லாமலே தெரிஞ்சுக்கிட்டேன், குழி அடைச்ச ரெண்டு பல்லை நான் தவற விடுவேனா. 640 படம். பொண்ணும் மானூர்ப் பக்கம்தான் போல, அதே பல்லு, ஒண்ணும் பண்ணாம, எல்லாப் படத்துலயும் வாயத் தொறந்து சிரிச்சிருக்கு. "பல்லை வெள்ளையாக்கவா?"ன்னு குறிப்பு அனுப்பினேன். மாப்பிள்ளைட்ட இருந்து பதில்: "எனக்கு லேசா. அவளுக்கு வேண்டாமாம், அவளே சொல்லிட்டா."

எனக்கு ரெண்டு நாள் வேலை மிச்சம்.

7 ஜூலை 2024

அழகு நிலையத்துல 8,000-க்கு முழுவரிசை வெனீர் போடுதாங்க, போகலாமான்னு புதுசா ஒரு பிள்ளை கேட்டிருக்கு. போகாதம்மா. பல்லுல கை வைக்க பி.டி.எஸ். படிச்சு, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில்ல பதிஞ்சிருக்கணும். ஒட்டுன தகடு ஓரத்துல அழுக்கு தங்கி முரசு வீங்கினா அந்த அக்கா புருவம் திருத்துற நூலாலயா சரி பண்ணும்? பதிவு எண்ணைக் கேளு.

இன்னொருத்தர் ஜிர்கோனியா வெனீர் நல்லதான்னு கேட்டார். அது கேப்புக்கு, அதாவது பல்லைச் சுத்தியும் மூடுற தொப்பிக்கு, உறுதியான சரக்கு, ஆனா மேல நான் சொன்ன அந்த அமிலத்துக்கு மசியாது, ஒட்டுறது வேற வித்தை. வெனீர்னு சொல்லிட்டு நாலு பக்கமும் ராவிக் கேப் போடுறவங்க உண்டு. ராவுறதுக்கு முன்னாடி "முன்பக்கம் மட்டுமா, சுத்தியுமா?"ன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்விக்கே சிலர் முகம் மாறும்.

15 ஜனவரி 2025

நேத்து பொங்கல். பனங்கிழங்கு. இதுக்கு மேல எழுதணுமா?

சரி எழுதுதேன். கரும்பைத் தொடல, அவ்வளவு புத்தி இருந்துச்சு. கிழங்கு அவிச்சது மெத்துன்னுதான் இருக்கு, நாரு இருக்கதை மறந்துட்டேன். முன்பல்லால கடிச்சு நாரை இழுத்தேன். டக்குன்னு ஒரு சத்தம், நாக்குல சின்னச் சில்லு. இடது பக்கம் ரெண்டாவது பல்லு. நல்லவேளை முழுங்கல, துப்பினேன், துப்பினது கிழங்குத் தோல் குமியில விழுந்துட்டு. அம்மா, நான், வீட்டு ஆளு, மூணு பேரும் முற்றத்துல உக்காந்து தோலைக் கிளறுதோம். கோழி ஒரு பக்கம் கிளறுது. "பதினோராயிரம் ரூவாய கோழி கொத்திட்டுப் போயிரும், வெரட்டு வெரட்டு"ங்கா அம்மா. கடைசியில அவதான் கண்டெடுத்தா. நகத்துணுக்கு மாதிரி இருக்கு. உடையல, முழுசா வந்திருக்கு.

கண்ணாடியில போய்ப் பாத்தேன். மூணு வருசம் கழிச்சு என் பல்லைப் பாக்கேன். ராவினதுல சின்னதாப் போயிருக்கு, நடுவுல அதே பழுப்புத் திட்டு, எங்கயும் போகாம உள்ள உக்காந்திருக்கு.

18 ஜனவரி 2025

பல பேர் கேட்டதால: தகடு முழுசா கழண்டா திரும்ப ஒட்டலாம். சுத்தமான சின்ன டப்பாவுல போட்டுட்டு டாக்டர்ட்ட போங்க. கடையில விக்கிற பசையை வச்சு நீங்களே ஒட்டாதீங்க, பொறவு அதைச் சுரண்டும்போது தகடு உடையும். தகடு கழண்ட பல்லோட ஐஸ் தண்ணி குடிக்காதீங்க, கூச்சத்துல உயிர் போகும்.

எனக்குப் பொங்கல் லீவுனால மூணு நாள் காத்திருந்து இன்னைக்குக் காலையில ஒட்டியாச்சு. 1,500 வாங்கினார். சிட்டையில இன்னொண்ணும் எழுதிக் குடுத்திருக்கார்: கூச்சத்துக்குன்னு யாராவது அமிலம் கலந்த ஃபுளோரைடு ஜெல் தடவ வந்தா வேண்டாம்னு சொல்லணுமாம், பீங்கானோட மினுமினுப்பு போயிரும். ஃபுளோரைடு என்னை விடுறதா இல்ல.

கீழ்வரிசைக்குத் தேய்க்கிறதைப் பத்திக் கேட்டேன். மார்ச்சுல வரச் சொல்லியிருக்கார். மிச்சக் கிழங்கை அம்மா கத்தியால வட்டம் வட்டமா நறுக்கி டப்பாவுல போட்டு ஸ்டூடியோவுக்குக் குடுத்து விட்டிருக்கா.